ஆறு மணிக்கு முன்னால்

உங்கள் தலைக்கு மேலே சுற்றுகிற இந்த ஃபேனுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் போதும் சார், அந்தக் கிறீச்சென்கிற சத்தம் நின்றுவிடும். குறையாகச் சொல்லவில்லை. எனக்குச் சின்ன வயதிலிருந்தே காது அப்படி. எங்காவது ஒரு சத்தம் கேட்டால் அது எதனால் வருகிறது என்று பார்த்துச் சரிசெய்துவிட்டுத்தான் மறுவேலை. இல்லாவிட்டால் சோறு இறங்காது.

நீங்கள் மலையாளத்தில் எழுதிக்கொள்ளுங்கள், நான் தமிழில் சொல்கிறேன். பெயர் மாரப்பன். முதலமடைக்குக் கிழக்கே காரைமேட்டில் மாந்தோப்பும் கொஞ்சம் தென்னையும் உண்டு. ஆனால் தோப்பை வைத்து என்னை யாருக்கும் தெரியாது, மாரியம்மன் கோயில் மைக்கை வைத்துத்தான் தெரியும். நோம்பி சாட்டித் திருவிழா நாள் சொல்வது, மாட்டுக்கு ஊசி போட டாக்டர் வந்திருப்பது, யாராவது இறந்துபோனால் எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்பது, எல்லாம் என் வாயால் வந்தால்தான் ஊருக்குச் செய்தி. ஒருமுறை எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வேறொருவர் பேசினார். பக்கத்து ஊர் மைக் போலிருக்கிறது என்று பாதிப் பேர் காது கொடுக்கவே இல்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

தனபாலைப் பற்றிக் கேட்கிறீர்கள். அவனுக்கும் எனக்கும் ஆகாது என்று யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்லியிருந்தால் பொய். அவன் எனக்கு முறைக்கு மச்சான், பக்கத்துத் தோட்டம். இரண்டு தோட்டத்துக்கும் நடுவில் வேலி உண்டு, வேலியில் ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு இடைவெளி உண்டு, அதை எங்கள் அப்பன்மார் காலத்திலிருந்தே யாரும் அடைத்ததில்லை. அவன் பெண்சாதி கோமதி என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். எனக்குக் கூடப் பிறந்தவள் கிடையாது. பொங்கலுக்கு அவளுக்குச் சேலை எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் நான் வீட்டுக்கு வாங்குவேன். என் சம்சாரம் கமலாத்தாளைக் கேட்டுப் பாருங்கள்.

என் மகள் தமிழ்ப்ரியாவின் கல்யாணத்தில்தான் எல்லாம் தொடங்கியது. ஒரே பெண். பொள்ளாச்சிப் பக்கம் பெரிய குடும்பத்தில் கொடுத்தோம். எங்கள் களத்திலேயே பந்தல். அந்தப் பந்தலுக்கு முதல் மூங்கிலை ஊன்றியவன் தனபால். சமையல்காரரைப் பிடித்தது, இலை அறுத்தது, வந்தவர்களைக் கூட்டிவந்து உட்கார வைத்தது எல்லாம் அவன்தான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், முன்பின் தெரியாதவன் செய்தால் அதற்கு வேறு பெயர். பந்தல் போட்டவனே செய்தால் அதற்கு நீங்களே பெயர் வைத்துக்கொள்ளுங்கள்.

கல்யாணத்துக்கு முந்தைய நாள் சாயங்காலம் பிள்ளைகள் ஆடவேண்டும் என்றார்கள். பொள்ளாச்சியிலிருந்து ஆளுயர ஸ்பீக்கர் பாக்ஸ் வந்து இறங்கியது. இரவு பத்து மணிக்கு மேல், விடிந்து ஆறு மணி வரை ஒலிபெருக்கி வைக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியாதது இல்லை. ஒவ்வொரு நோம்பிக்கும் இந்த ஸ்டேஷன் படியேறி மைக் பர்மிஷன் வாங்குகிறவனே நான்தான். ஆனால் கல்யாண வீட்டில் யார் மணி பார்ப்பார்கள்? உங்கள் ஆட்களே வந்து சாப்பிட்டு, கொஞ்சம் குறைச்சு வையுங்க என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போவார்கள். நாங்களும் கொஞ்சம் குறைப்போம். அப்படித்தான் இத்தனை காலமும் நடந்தது.

அன்றைக்கு ஜீப் வந்தது. யாரும் சிரிக்கவில்லை. பாட்டை நிறுத்தினார்கள், ஆம்ப்ளிஃபயரை ஜீப்பில் ஏற்றினார்கள், அப்புறம் என்னையும் ஏறச் சொன்னார்கள். சம்பந்தி வீட்டார் மொத்தப் பேரும் நின்று பார்த்தார்கள். என் மகள் காயாத மருதாணிக் கையோடு ஜீப் வரைக்கும் ஓடிவந்தாள். நான் அவளை உள்ளே போகச் சொன்னேன். சார், அன்றைக்கு நீங்கள் டியூட்டியில் இல்லை. உங்கள் ஆட்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர்கள் மரியாதையாகத்தான் நடத்தினார்கள், டீ கூட வாங்கிக் கொடுத்தார்கள்.

ஜாமீன் சொல்ல முதல் ஆளாக வந்து நின்றவன் தனபால். கையெழுத்துப் போட்டான், என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டான். மச்சான் என்றால் இவன்தான் மச்சான் என்று நினைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தேன். பாசனக் கனால் கரையில் வண்டியை நிறுத்தினான். திரும்பிப் பார்க்காமலே சொன்னான்.

“நாந்தான் மச்சா போன் பண்ணுனன். கோமதிக்கு வலிப்பு வந்துருச்சு. எனக்கு வேற தடம் தெரியல.”

நான் அவனை அடிக்கவில்லை. வைது ஒரு சொல் சொல்லவில்லை. வண்டியை விட்டு இறங்கி நடந்தே வீட்டுக்குப் போனேன். பின்னாலேயே வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். வீட்டு வாசல் வரைக்கும் வந்து, நான் உள்ளே போன பிறகுதான் திரும்பினான்.

கோமதிக்கு முந்தைய வருஷம் கோயமுத்தூரில் தலையில் ஆபரேஷன் ஆகியிருந்தது. பெரிய சத்தம் கேட்டால் அவளுக்கு ஆகாது. அது எனக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். நான் கேட்பது ஒன்றுதான். வேலியைத் தாண்டி வந்து என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே ஒயரைப் பிடுங்கிப் போட்டிருக்க மாட்டேனா? ஒரு வார்த்தை சொல்லாமல் போலீஸைக் கூப்பிட்டு, என்னைச் சபையில் நிற்கவைத்து, பிறகு அவனே வந்து ஜாமீன் சொல்வது எந்த ஊர் நியாயம்?

வந்து சொன்னதாகக் கோமதி உங்களிடம் சொல்லியிருக்கலாம். வந்தான், இல்லையென்று நான் சொல்லவில்லை. பாக்ஸ் இறங்கும்போது பக்கத்தில் நின்று, இத்தனை பெரிசு எதுக்கு மச்சா, அவளுக்கு ஆகாதல்லொ என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நான் டீ கொடுக்கச் சொன்னேன். ஆட்டம் நடக்கும்போது இன்னொரு தடவை வந்து என் கையைப் பிடித்து இழுத்தான். கல்யாண வீட்டுக்காரன் கையை யார்தான் இழுக்கவில்லை? அப்புறமும் ஒரு தடவை வந்து நின்றான் என்று கமலாத்தாள் சொல்கிறாள். நான் பார்க்கவில்லை. இதையெல்லாம் சொன்னதாகக் கணக்கில் சேர்த்துக்கொள்ள முடியாது சார். சொல்வது என்றால் ஓர் ஆளைத் தனியாகக் கூப்பிட்டு, உட்காரவைத்து, முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும்.

கல்யாணம் நடந்தது. தாலி கட்டி முடிந்ததும் சம்பந்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “உங்க ஊர்ல உங்குளுக்கு வேண்டாதவங்க நெறைய இருப்பாங்களாட்ட இருக்குதுங்க” என்றார். அவ்வளவுதான். மரியாதையான மனிதர். ஆனால் பெண் மறுவீட்டுக்கு வந்தபோது கமலாத்தாளிடம் அழுதிருக்கிறாள். அங்கே அவளை ஜீப்பு ஏறினவர் பிள்ளை என்று கேலி பேசுகிறார்களாம். விளையாட்டுக்குத்தானாம். நான் பக்கத்து அறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு நெஞ்சு எரிந்தது. இன்றைக்கும் அது அணையவில்லை.

சட்டம்தானே அவன் கையில் எடுத்தது? சரி, சட்டப்படியே இருப்போம் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். அதுவரை விடியாலம் இருட்டிலேயே கோயிலில் பாட்டுப் போடுவேன். அதை ஆறு மணிக்குத் தள்ளினேன். கூம்பு ஸ்பீக்கரை இறக்கி வைத்துவிட்டு பாக்ஸ் மட்டும் வைத்தேன். பங்குனியில் நோம்பி வந்தது. வள்ளிகும்மி நடந்துகொண்டிருந்தது, பாட்டுக்காரர் உச்சத்தில் இருந்தார். பத்து அடித்ததும் மெயினை அணைத்தேன். பெண்பிள்ளைகள் கையைத் தூக்கினது தூக்கினபடி நின்றார்கள். கமிட்டியில் சண்டைக்கு வந்தார்கள். நான் சட்டத்தைச் சொன்னேன். நீங்களே அடுத்த நாள் வந்து, மாரப்பனைப் பார்த்து மற்ற ஊர்க்காரர்கள் படிக்கவேண்டும் என்று சொன்னீர்கள். உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

அன்றைக்குச் சாயங்காலம் தனபால் வேலி இடைவெளி வழியாக வந்தான். கல்யாணத்துக்குப் பிறகு அவன் அந்த வழியாக வருவது அதுதான் முதல் தடவை. களத்து ஓரத்தில் நின்றான், உட்காரவில்லை.

“கோமதி இப்பத்தான் மச்சா நல்லாத் தூங்கறா. அவளுக்காவத்தான் நீ மைக்க நிறுத்தறீன்னு சொன்னா. அண்ணனக் கும்புட்டுச் சொல்லுங்கன்னு என்னைத் தாட்டியுட்டா.”

சரி என்றேன். வேறு என்ன சொல்வது? அவன் கண் கலங்கிப்போய் நின்றான். என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவே இல்லை. சார், ஜீப்பில் ஏறியபோது எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. செய்ததையும் செய்துவிட்டு, நான் மன்னித்துவிட்டேன் என்று அவனாகவே முடிவு செய்துகொண்டு, அவர்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். என் மகள் அங்கே தினம் பேச்சு வாங்குகிறாள். அவன் போன பிறகு கையைக் கழுவிவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தேன்.

இப்போது யானை விஷயத்துக்கு வருகிறேன். மாங்காய் முற்றுகிற காலத்தில் மலையிலிருந்து இறங்குவது உங்களுக்குத் தெரியும். அதில் ஒன்று வால் நுனி அறுந்தது, மொட்டைவாலன் என்போம். மற்றவை கூட்டமாக வந்து தின்றுவிட்டுப் போய்விடும். அது தனியாக வரும், ஆளைக் கண்டால் துரத்தும். பாரஸ்ட் வாட்சர் வினோ அது இறங்குவதைப் பார்த்தால் உடனே எனக்குப் போன் செய்வார். நான் மைக்கில் சொல்வேன். பால் ஊற்றுகிறவர்கள் வெளிச்சம் வருவதற்கு முன்னாலேயே சொசைட்டிக்குக் கிளம்புகிறவர்கள். அதனால் அந்த அறிவிப்பு ஆறு மணிக்கு முன்னால்தான் வரும். ஒலிபெருக்கிச் சட்டப்படி அதுவும் குற்றம்தான். ஆனால் யாரும் அதைக் குற்றமாக நினைத்ததில்லை, நீங்களும் நினைத்ததில்லை.

கோயில் பாட்டை ஆறு மணிக்குத் தள்ளியபோது, யானை அறிவிப்பு என்ன ஆகும் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அப்போது யானை வரத்தும் இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

நோம்பியின் கடைசி நாள், மஞ்சள் நீர் விளையாடுகிற நாள். நான் வழக்கம்போல முன்னதாகவே கோயிலுக்குப் போய் மைக் ரூமைத் திறந்து உட்கார்ந்திருந்தேன். வினோ போன் செய்தார்.

“அண்ணா, மொட்டவாலன் இறங்கியாச்சு. கனால் ஷட்டர் கிட்ட நிக்குது. மைக்குல சொல்லீருங்க, அந்த வழி ஆரும் வரவேண்டாம்.”

சரி என்றேன். வினோ உங்களிடம் சொன்னது முழுக்க உண்மை. அவரைப் போட்டு விசாரிக்க வேண்டாம். அவர் அவருடைய வேலையைச் செய்தார், அந்த ஆளுக்குப் பிள்ளைகுட்டிகள் இருக்கின்றன.

கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு ஆகவில்லை. உட்கார்ந்து யோசித்தேன், நான் எதையும் யோசிக்காமல் செய்கிறவன் இல்லை. நோம்பிக் களைப்பில் ஊர் தூங்கிக்கொண்டிருந்தது. மேற்கே இருக்கிறவர்கள் பாலைத் தார் ரோட்டு வழியாகத்தான் கொண்டுபோவார்கள். கனால் தடத்தில் நடக்கவேண்டியது எங்கள் பக்கம் இரண்டு வீடுதான். என் வீட்டில் மாடு கறவை நின்றிருந்தது. ஆகவே ஊரில் வேறு யாருக்கும் ஆபத்து இல்லை என்பதை நிச்சயம் செய்துகொண்டேன். ஊருக்குத் துரோகம் செய்கிற ஆள் நான் இல்லை சார். இதை எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வேன்.

ஆறு அடித்ததும் மைக்கை எடுத்துத் தெளிவாகச் சொன்னேன். மொட்டைவாலன் கனால் ஷட்டர் பக்கம் நிற்கிறது, அந்தத் தடத்தில் யாரும் போக வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னேன். ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். அதற்குள் கனால் பக்கமிருந்து பால் கேன் உருளுகிற சத்தம் கேட்டிருந்தது. மற்றதெல்லாம் உங்களுக்கே தெரியும், சம்பவ இடத்துக்கு வந்து மகஜர் எழுதியவர் நீங்கள்தான்.

தனபாலை எடுக்கிற நேரத்தையும் நான்தான் அறிவித்தேன். வேறு யார் சொல்வது? குரல் கம்மிவிட்டது என்று சொன்னார்கள். கம்மியது உண்மைதான், நடிக்கவில்லை. சின்ன வயதில் அவனும் நானும் ஒரே சைக்கிளில் நம் சித்தூர் வரை போய்ப் படித்தவர்கள். அந்த அறிவிப்பின்போது மட்டும் கோமதிக்காக வால்யூமை நன்றாகக் குறைத்து வைத்தேன்.

பிறகு அவர்கள் வீட்டுக்குப் போனேன். கோமதி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் பக்கத்தில் இருந்த பெண்கள் விலகி வழி விட்டார்கள். அவள் அழுது தீர்த்திருந்தாள். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். எனக்கு அவள் ஆறுதல் சொன்னாள் சார்.

“நீங்க வெசனப்படாதீங்ணா. உங்குளுக்கும் தெரியாமப் போயிருச்சு. நீங்க மைக்கத் தட்டுன சத்தம் படுத்துக்கிட்டே கேட்டன். தட்டிப்போட்டு ஒண்ணும் பேசல. அதான், அண்ணன் பேசல, தடத்துல ஒண்ணுமில்லீங்க, போங்கன்னு நாந்தானுங்ணா தாட்டியுட்டன்.”

அவள் சொன்னதை உங்களுக்கு விளக்கவேண்டும். ஆன் செய்ததும் மைக்கை விரலால் இரண்டு தட்டுத் தட்டுவது என் பழக்கம். யானை நின்றால் தட்டிய கையோடு பேசுவேன். இல்லையென்றால் பேசாமல் அணைத்துவிடுவேன். இதைப் பார்த்துப் பார்த்து ஊர்க்காரர்கள் அவர்களாகவே ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். பால்காரர்கள் கேனோடு வாசலில் நிற்பார்கள். தட்டுகிற சத்தம் கேட்டு, அதற்குப் பின்னால் என் குரல் வராவிட்டால், தடம் சும்மா இருக்கிறது என்று கிளம்புவார்கள். அப்படிச் செய்யுங்கள் என்று நான் யாருக்கும் சொல்லி வைத்ததில்லை. பாட்டை ஆறு மணிக்குத் தள்ளியபோதும் தட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை. தட்டுவது பேச்சில் சேராது, இரண்டு தட்டுக்கு யாரும் தூக்கம் கலைந்து எழுந்திருக்கவும் மாட்டார்கள்.

கோமதி இதை உங்களிடமும் சொல்லியிருக்கிறாள். அதனால்தான் வினோவின் போனைப் பற்றிக் கேட்டு முடித்த பிறகும் என்னை அனுப்பாமல் உட்கார வைத்திருக்கிறீர்கள். அவள் இன்னும் என்னைச் சந்தேகப்படவில்லை என்பதும் நீங்கள் கேட்கிற விதத்திலேயே தெரிகிறது. வினோ போன் செய்வதற்கு முன்னால் தட்டினாயா, பின்னால் தட்டினாயா என்கிறீர்கள்.

பின்னால்தான்.

போன் வந்தபோது நான் ஆம்ப்ளிஃபயரை ஆன் செய்திருக்கவே இல்லை. கோயில் ஒரு மேட்டின் மேல் இருக்கிறது, மைக் ரூம் ஜன்னலிலிருந்து பார்த்தால் தனபால் வீட்டு வாசல் தெரியும். அவன் கேனை இறக்கி வைத்துவிட்டு டார்ச்சோடு நின்றுகொண்டிருந்தான். வெளிச்சம் ஒரே இடத்தில் இருந்தது. நான் தட்டுவதற்காகத்தான் நிற்கிறான் என்று தெரியும். தட்டாமல் இருந்திருந்தால் அப்படியே நின்றிருப்பான், நிச்சயம் நின்றிருப்பான், என் சத்தம் கேட்காமல் அந்தத் தடத்தில் கால் வைக்கிற ஆள் இல்லை அவன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு ஆன் செய்து இரண்டு தட்டுத் தட்டினேன். வெளிச்சம் கனால் பக்கம் திரும்பி நடக்கத் தொடங்கியது. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில்தான் நெடுநேரம் போய்க்கொண்டிருந்தது. ஆறு மணி ஆகவில்லை, அதனால் நான் பேசவில்லை. அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கோமதியிடம் இதைச் சொல்ல யாரை அனுப்பினாலும் மெதுவாகச் சொல்லச் சொல்லுங்கள் சார். அவளுக்குச் சத்தம் ஆகாது.